ஆஃப்பாயிலா, புல்ஸ்ஐயா? வீட்டில் முட்டை பொரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வாழ்க்கைப்பட்டது கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சிச் சாலையில். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் மாநில எல்லை ஓடினாலும் இரண்டிடத்திலும் பேசுவது தமிழ், நிற்பது தென்னை. முட்டை பொரிக்கிற சங்கதியில் மட்டும் இரு வீட்டாரும் ஒத்துப்போனதே இல்லை. அங்கே தேங்காய் எண்ணெய், இங்கே கடலை எண்ணெய். அங்கே மூடி போடுவார்கள், இங்கே திருப்பிப் போடுவார்கள். இருபக்கத்து உறவினரும், வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆஃப்பாயில், ஃபுல்பாயில், புல்ஸ்ஐ: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

ஆஃப்பாயிலும் புல்ஸ்ஐயும் ஒன்றுதான். பெயர்தான் எல்லையில் மாறுகிறது. பாயில் என்றால் தண்ணீரில் அவிப்பது. ஆனால் நம் பரோட்டாக் கடைகளில் ஆஃப்பாயிலுக்கும் தண்ணீருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்லில் உடைத்து ஊற்றி, அடிப்பக்கம் மட்டும் வேகவைத்து, மஞ்சள்கரு குலுங்கக் குலுங்க எடுத்தால் ஆஃப்பாயில். திருப்பிப் போட்டு மஞ்சளையும் வேகவிட்டால் ஃபுல்பாயில். கேரளத்தில் முன்னதற்குப் புல்ஸ்ஐ என்று பெயர். காளையின் கண் என்று பொருள்.

என் கணவரின் சித்தப்பா ஒருமுறை திருச்சூர்த் தட்டுக்கடையில் ஆஃப்பாயில் கேட்டார். கடைக்காரர் சொன்னபடியே செய்தார்: முட்டையைத் தோட்டோடு அரைகுறையாக அவித்து, டம்ளரில் வைத்து நீட்டினார். "சேட்டா, இது இல்லை" என்று சித்தப்பா உள்ளங்கையை விரித்து, நடுவில் விரலால் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். "ஓ, புல்ஸ்ஐ!" என்று சிரித்துக்கொண்டே கல்லைத் துடைத்தாராம் அவர்.

சரி, முறையைச் சொல்லுங்கள். ஒரு முட்டையை எப்படிப் பொரிப்பது?

முட்டை ஃபிரிட்ஜில் இருந்தால் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கல்லை நடுத்தரத் தீயில் காயவிடுங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சத்தமிட்டு உடனே வற்ற வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். ஈரம் போனதும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பரப்புங்கள்.

முட்டையை நேரே கல்லில் உடைக்க வேண்டாம். சமதளமான மேடையில் ஒரு தட்டுத் தட்டி, சிறு கிண்ணத்தில் உடைத்து ஊற்றுங்கள். பாத்திர விளிம்பில் தட்டினால் ஓட்டுத் துணுக்கு உள்ளே போகும், மஞ்சளையும் கிழித்துவிடும். கிண்ணத்தில் ஊற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பத்தில் ஒன்று கெட்டதாக இருந்தாலும் கல்லும் எண்ணெயும் வீணாகாது. கிண்ணத்தைக் கல்லுக்கு ஓர் அங்குல உயரத்தில் பிடித்து மெதுவாகச் சாய்த்தால் முட்டை வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இறங்கியதும் தீயைக் குறையுங்கள். நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும். ஓரம் வெளுத்து உள்நோக்கி நகர்ந்து வரும். மஞ்சளைச் சுற்றி விரல் அகலத்துக்கு மட்டும் கண்ணாடி போல நிற்கும்போது ஒரு மூடியைப் போட்டு நாற்பது ஐம்பது விநாடி வையுங்கள். திறந்து, கல்லை இலேசாக அசைத்துப் பாருங்கள். வெள்ளை அசையாமல் மஞ்சள் மட்டும் தளும்பினால் இறக்கிவிடலாம்.

மஞ்சள்கரு கெட்டியாகிவிடுகிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள வெள்ளை பச்சையாகவே நிற்கிறது. ஏன்?

முட்டை பொரிப்பதன் மொத்தச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வெள்ளைக்கரு ஒரே பொருள் அல்ல. பல புரதங்களின் கலவை. அவற்றில் ஒன்று 62 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இறுகத் தொடங்கிவிடும். மிகுதியாக இருப்பதோ 80 டிகிரியை நெருங்கினால்தான் உறுதியாகும். மஞ்சள்கரு இரண்டுக்கும் இடையில், 65 டிகிரியில் தடித்து 70 டிகிரியில் இறுகிவிடுகிறது. ஆக, வெள்ளை முழுதாக வேகும் சூட்டில் மஞ்சளும் சேர்ந்து வெந்துவிடும் என்பதுதான் இயற்கை. ஆஃப்பாயில் சாத்தியமாவதற்கு ஒரே காரணம், மஞ்சள்கரு கல்லைத் தொடாமல் வெள்ளையின் மேல் மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பது.

வெள்ளையிலும் இரண்டு வகை உண்டு. ஓரத்தில் ஓடுவது நீர்த்த வெள்ளை, மஞ்சளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது கெட்டி வெள்ளை. இந்தக் கெட்டி வெள்ளை மேடு போல் உயர்ந்து நிற்பதால் அடிச்சூடு அதன் உச்சிக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும். தீயைக் கூட்டினால் அடி கருகுமே தவிர உச்சி வேகாது. எனவே சூட்டை மேலிருந்து கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் எனக்குத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறையில் என் அம்மா மூடி போடுவார். கல்லின் ஓரத்தில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் தெளித்து உடனே மூடினால் ஆவி எழும்பி மேற்பக்கத்தை வேகவைக்கும். ஆனால் மஞ்சளின் மேல் வெண்படலம் படிந்து, பளபளப்பு போய்விடும். அது பிடிக்காதவர்கள் எண்ணெயைச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, கல்லைச் சாய்த்து, சூடான எண்ணெயைக் கரண்டியால் கோரி வெள்ளையின் மேல் மட்டும் நாலைந்து முறை விடலாம். தட்டுக்கடைக்காரர்கள் செய்வது இதைத்தான். மூன்றாவது என் மாமியாரின் கைப்பழக்கம்: தோசைத் திருப்பியின் முனையால் கெட்டி வெள்ளையில் மஞ்சளைச் சுற்றி நாலு இடத்தில் கீறிவிடுவார். மேடு உடைந்து வெள்ளை தாழ்வாகப் பரவும். பத்து விநாடியில் வெந்துவிடும். கை தவறினால் மஞ்சள் உடையும், அவ்வளவுதான்.

கல்லில் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடுகிறதே?

கல் பழகவில்லை, அல்லது காயவில்லை. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

இரும்புக் கல்லின் முகம் கண்ணுக்கு மழமழவென்று தெரிந்தாலும் நுண்ணிய பள்ளங்கள் நிறைந்தது. காயாத கல்லில் விட்ட முட்டை, இறுகுவதற்கு முன் அந்தப் பள்ளங்களில் இறங்கி, அங்கேயே இறுகிப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த கல்லில் முட்டை பட்ட மாத்திரத்தில் அடிப்பக்கம் இறுகிவிடுவதால் பள்ளத்தில் இறங்க நேரம் இல்லை.

புதுக் கல் வாங்கினால் முதல் நாளே முட்டை ஊற்றாதீர்கள். துரு பிடிக்காமல் இருக்கக் கடையில் பூசி வைத்த எண்ணெய்ப் பசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு துடைத்து, அடுப்பில் வைத்துக் காயவிட்டு, எண்ணெய் தடவி, பாதியாக வெட்டிய வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி, கல்லின் முகம் முழுக்கத் தேயுங்கள். வெங்காயம் கறுத்ததும் எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். இதை நாலைந்து நாள் செய்தால் எண்ணெய் சூட்டில் இறுகி மெல்லிய கறுப்புப் பூச்சாகக் கல்லில் படியும். பள்ளங்களை அடைப்பது அந்தப் பூச்சுதான். அதன் பிறகு கம்பி நார் வைத்துச் சுரண்டினால் செய்த வேலை அத்தனையும் பாழ். என் வீட்டில் புதிதாக வேலைக்கு வந்தவர் ஒருநாள் கல்லை வெள்ளி போலத் தேய்த்து வெயிலில் காயவைத்திருந்தார். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றவரிடம் என்ன சொல்வது? மறுபடியும் வெங்காயத்தை எடுத்தேன்.

இன்னொன்று: ஒட்டியது போலத் தெரிந்தால் பதறிச் சுரண்டாதீர்கள். தீயை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். அடி சற்றே சுருங்கித் தானாகப் பிடியை விடும்.

தோசைக்கல்லிலேயே முட்டை போடலாமா?

போடலாம். ஆனால் மறுநாள் தோசை உங்களைப் பழிவாங்கும். முட்டையின் மிச்சம் மெல்லிய படலமாகக் கல்லில் தங்கிவிட்டால் தோசை அந்த இடத்தில் ஒட்டும், வாடையும் வரும். சின்னதாக ஒரு கல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு காரணமும் இருந்தது. புரட்டாசியில் மாமியார் முட்டையைத் தொட மாட்டார். கார்த்திகையில் மாமனார் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். நான் வந்த புதிதில், "அத்தை, இந்தக் கல்லில் போடட்டுமா?" என்று கேட்டதற்கு, அவர் பதில் பேசாமல் பரணிலிருந்து ஒரு சின்ன வார்ப்புக் கல்லை இறக்கி என் கையில் கொடுத்தார். பிடியில்லாத, ஒரு கையகலக் கல். இன்றைக்கும் எங்கள் வீட்டு முட்டை அதில்தான்.

நான்ஸ்டிக் நல்லதா?

புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு எளிது. வெறும் கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போய்விடாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். மரக்கரண்டி போதும். பூச்சு உரிந்த கல்லை மனமிரங்காமல் தூக்கிப் போடுங்கள்.

எந்த எண்ணெயில் பொரிப்பது?

எந்தப் பக்கத்தில் வளர்ந்தீர்களோ அந்த எண்ணெயில்தான் ருசி இருக்கும். நான் இரண்டையும் சாப்பிட்டுப் பழகியவள் என்பதால் சொல்கிறேன்: மிளகுத்தூள் மட்டும் தூவிச் சாப்பிடும் புல்ஸ்ஐக்குத் தேங்காய் எண்ணெயை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. செக்கில் ஆட்டியதாக இருந்தால் ஓரத்தில் வறுத்த தேங்காயின் மணம் ஏறும். சோற்றோடும் குழம்போடும் வைத்துச் சாப்பிடும் முட்டைக்குக் கடலை எண்ணெய் பொருந்தும். செக்குத் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் புகையும், ஆகவே அதில் தீயைத் தழைத்தே வைக்க வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெய் அதைவிட அதிகச் சூடு தாங்கும்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது அப்படித்தான். பாட்டிலை அடுப்பருகே கொண்டுவர வேண்டாம், கரண்டியால் சுரண்டிக் கல்லில் போட்டால் போதும். நல்லெண்ணெய் தன் மணத்தையே முன்னால் நிறுத்தும், நான் போடுவதில்லை. நெய் நன்றாக இருக்கும், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். வெண்ணெய் கருகும்.

முட்டை கல்லில் தண்ணீர் போலப் பரவி ஓடுகிறது. கலப்படமா?

இல்லை, வயசு. முட்டை இட்ட நாளிலிருந்து ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு மெல்ல வெளியேறுகிறது. வெள்ளையின் காரத்தன்மை கூடுகிறது. கெட்டி வெள்ளை தளர்ந்து நீர்க்கிறது. மஞ்சளைச் சுற்றியுள்ள சவ்வும் தளர்வதால் உடைத்தவுடன் மஞ்சளும் தட்டையாகிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் கடைக்கு வரும் முட்டை பெரும்பாலும் நாமக்கல்லில் லாரி ஏறியதுதான். அங்கிருந்து மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, கடைக்காரரின் வெயில் படும் அட்டை என்று பல இடங்களில் தங்கித்தான் நம் கல்லுக்கு வருகிறது.

பழைய முட்டையில் அழகான ஆஃப்பாயில் வேண்டுமென்றால் ஒரு தந்திரம்: டீ வடிகட்டியில் உடைத்து ஊற்றிச் சில விநாடி பிடியுங்கள். நீர்த்த வெள்ளை கீழே ஒழுகிவிடும். கெட்டி வெள்ளையும் மஞ்சளும் மட்டும் மேலே நிற்கும். அதைக் கல்லில் விட்டால் கடையில் தருவது போல வட்டமாக வரும். ஒழுகியதை அடுத்த ஆம்லெட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

கெட்ட முட்டையை உடைக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதியது. செங்குத்தாக நின்றால் பழையது. ஆம்லெட்டுக்கும் அவிப்பதற்கும் ஆகும். மிதந்தால் மிகவும் பழையது, நான் தென்னை அடியில் புதைத்துவிடுவேன். நாளாக ஆக உள்ளே ஈரம் குறைந்து காற்றறை பெரிதாவதால்தான் மிதக்கிறது. கடைசி நீதிபதி மூக்குதான்.

உப்பும் மிளகும் எப்போது?

உப்பை முட்டை ஊற்றிய பிறகு வெள்ளையின் மேல் மட்டும் தூவுங்கள். மஞ்சள்மேல் விழுந்த உப்பு வெண்புள்ளிகளாக நிற்கும். சாப்பிட ஒன்றும் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் அம்மைத் தழும்பு போல இருக்கும். மிளகுத்தூள் இறக்கிய பிறகு. கல்லில் விழுந்த மிளகு கருகிக் கசக்கும். முழு மிளகை அப்போதே அம்மியிலோ சின்ன உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டுப் பாருங்கள். டப்பாத் தூளை அதன்பின் தொட மாட்டீர்கள்.

ஓரம் மட்டும் முறுகலாக, சரிகை போல வர வேண்டும். எப்படி?

இதற்கு மட்டும் நான் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, தீ கூடுதல். வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூடான எண்ணெயில் அது சட்டென்று ஆவியாகிக் குமிழ்விடும்போது ஓரம் ஓட்டை ஓட்டையாக இறுகிப் பொன்னிறமாகும். ஓரம் சிவந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டு நடுப்பகுதியை வேகவையுங்கள். கல்லில் ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், எட்டி நில்லுங்கள்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் நிற்கிறது. கல்லில் கோளாறா?

கல்லின் அடி வளைந்திருக்கலாம், பர்னர் துளை அடைத்திருக்கலாம். எங்கள் ஊரில் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் விழும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று நுழைந்தால் தென்னை மட்டைகள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். சமையலறைச் சன்னல் மேற்கே பார்த்திருந்தால் அடுப்பின் நீலத் தீ கிழக்கே சாய்ந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். கல்லின் கிழக்குப் பாதி கொதிக்கும், மேற்குப் பாதி வெதுவெதுப்பாகக் கிடக்கும். முதல் வருடம் முழுக்க நான் கல்லைத்தான் திட்டினேன். பிறகு ஒருநாள் சன்னலைச் சாத்தினேன். சன்னலைச் சாத்த முடியாத வீடுகளில், முட்டை ஊற்றிய பின் கல்லை அரைவட்டம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

நாட்டுக்கோழி முட்டைதான் நல்லதா? மஞ்சள் நிறம் அதிகமாக இருக்கிறதே?

மஞ்சளின் நிறம் கோழி தின்ற தீனியைக் காட்டும், அவ்வளவுதான். மக்காச்சோளமும் கீரையும் தின்றால் மஞ்சள் ஆழமாகும். பண்ணைத் தீனியிலும் நிறம் கூட்டச் செண்டுமல்லிப் பூச்சாறு வகைகளைச் சேர்ப்பதுண்டு. ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. பழுப்பு ஓடு இடும் பண்ணைக் கோழிகளும் உண்டு. எனவே பழுப்பாக இருப்பதாலேயே இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். தோப்பில் மேய்ந்த கோழியின் முட்டை 40 கிராம் அளவில் சின்னதாக இருக்கும். பண்ணை முட்டை 50 முதல் 55 கிராம். சின்ன முட்டையில் வெள்ளை குறைவு, மஞ்சளின் பங்கு கூடுதல். ருசி கூடுவதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆஃப்பாயிலுக்கு நான் தோப்பு முட்டையைத்தான் எடுப்பேன். இட்ட அன்றே கைக்கு வருகிறது என்பதுதான் அதன் பெரிய சிறப்பு.

உடைத்தால் ரத்தப் பொட்டு இருக்கிறது. வெள்ளை நூல் போல ஒன்றும் தொங்குகிறது. குஞ்சா?

இரண்டும் குஞ்சு இல்லை. முட்டை உருவாகும்போது கோழியின் உடம்புக்குள் சிறு ரத்தநாளம் வெடித்தால் அந்தப் பொட்டு விழும். கரண்டி முனையால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். வெள்ளை நூல், மஞ்சளை நடுவில் நிறுத்திவைக்கும் இயற்கைக் கயிறு. அது தடிப்பாக இருந்தால் முட்டை புதியது என்று மகிழுங்கள். பண்ணைகளில் முட்டையிடும் கோழிகளோடு சேவல் விடுவதில்லை. ஆகவே அந்த முட்டை குஞ்சு பொரிக்காது.

ஆஃப்பாயில் சாப்பிடுவது பாதுகாப்பானதா?

நேர்மையாகச் சொன்னால், முழுப் பாதுகாப்பு இல்லை. சால்மொனெல்லா என்ற கிருமி ஓட்டின் மேலும், சிலசமயம் முட்டைக்குள்ளும் இருக்கலாம். 71 டிகிரி சூட்டில் அது செத்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில் மஞ்சள் ஒழுகாது, இறுகிவிடும். ஒழுகும் மஞ்சள் என்றாலே அந்தச் சூடு எட்டவில்லை என்றுதான் பொருள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் புதிய முட்டையில் செய்து சுடச்சுடச் சாப்பிட்டால் ஆபத்து குறைவு. கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஃபுல்பாயில்தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. என் நாத்தனார் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எவ்வளவோ கெஞ்சியும் திருப்பிப் போட்டுத்தான் கொடுத்தேன்.

பச்சை முட்டை என்றால் இரண்டு மாநில அரசுகளும் கண்டிப்பாகத்தான் இருந்திருக்கின்றன. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது.

தினமும் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் ஏறாதா?

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும் இருக்கின்றன. கொலஸ்ட்ரால் முழுவதும் மஞ்சளில். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று அமெரிக்க உணவு வழிகாட்டி நெடுங்காலம் சொல்லிவந்தது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். உடல்நலமுள்ளவருக்கு நாளுக்கு ஒன்று பெரிதாகக் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். முட்டையோடு வரும் பரோட்டாவையும் கல்லில் ஊற்றும் எண்ணெயையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

வாங்கி வந்தவுடன் கழுவி வைக்கலாமா?

வேண்டாம். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத இயற்கைப் பூச்சு ஒன்று உண்டு. அதுதான் நுண்துளைகளை அடைத்துக் கிருமியைத் தடுக்கிறது. கழுவினால் போய்விடும். எச்சமோ மண்ணோ ஒட்டியிருந்தால் சமைக்கும் நேரத்தில் கழுவித் துடைத்துவிட்டு உடையுங்கள்.

மஞ்சள் உடைந்துவிட்டது. என்ன செய்வது?

வருந்தாமல் கலக்கி ஆக்கிவிடுங்கள்.

கலக்கியா? அது என்ன?

பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளின் சொத்து. கேரளத்து உறவினர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து, சிட்டிகை உப்பு, மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி கெட்டியான கோழிக்குழம்பு அல்லது சால்னா சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம்.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் விட்டு, கலவையை ஒரே இடத்தில் ஊற்றுங்கள், பரப்பாதீர்கள். ஓரம் இறுகியதும் தோசைத் திருப்பியால் நாலு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி மடியுங்கள், கைக்குட்டை மடிப்பது போல. மடித்தவுடன் எடுத்துவிட வேண்டும். ஊற்றியதிலிருந்து எடுப்பது வரை இருபது விநாடி இருக்குமா என்பதே சந்தேகம். தட்டில் வைத்துக் கரண்டியால் கிள்ளினால் உள்ளே கூழ் போல வழிய வேண்டும். வழியாவிட்டால் அது ஆம்லெட். ஆஃப்பாயிலுக்குச் சொன்ன பாதுகாப்புக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

எண்ணெயே இல்லாமல் பொரித்த முட்டை மாதிரி ஏதாவது?

முட்டை ஆப்பம். என் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது. பழகிய இரும்பு ஆப்பச்சட்டியில் மாவை ஊற்றி, சட்டியின் காதுகளைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஓரம் மெல்லிசாகவும் நடுவில் குழி தடிப்பாகவும் நிற்கும். அந்தக் குழியில் முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் நசுக்கிய மிளகும் தூவி, மூடி, மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மாவின் ஆவியே முட்டையை வேகவைக்கும். அடியில் மாவு இருப்பதால் வெள்ளை கருக வாய்ப்பே இல்லை. ஒட்டுகிற கவலையும் கிடையாது. முட்டையை மாவு காயும் முன் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

வாத்து முட்டையில் புல்ஸ்ஐ போடலாமா?

போடலாம், ஆனால் கை பழகிய பிறகு. ஒரு முட்டை 70 கிராம் அளவு வரும். மஞ்சள் பெரிது, கொழுப்பும் கூடுதல். வெள்ளை சீக்கிரம் ரப்பராகிவிடும், ஆகவே தீ இன்னும் தணிவாக இருக்க வேண்டும். வாடை தாங்காதவர்கள் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு ஆம்லெட் செய்துகொள்வதே மேல்.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கலாமா?

ஃபுல்பாயில் மட்டும், அதுவும் நன்றாக ஆறவைத்து. சூட்டோடு டப்பாவை மூடினால் வியர்த்துப் போகும், நண்பர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். ஆஃப்பாயில் வேண்டவே வேண்டாம்.

தட்டிலும் கல்லிலும் கவுச்சி வாடை போகவே மாட்டேன் என்கிறது?

எல்லோரும் செய்யும் தவறு வெந்நீர் விடுவது. வெந்நீரில் ஒட்டியிருக்கும் முட்டை வெந்து இன்னும் இறுகப் பிடிக்கும். முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள், பிறகுதான் சோப்பு. தட்டுக்கும் டம்ளருக்கும் கொஞ்சம் கடலைமாவோ, வடிகட்டிய டீத்தூளோ போட்டுத் தேய்த்தால் வாடை ஓடிவிடும். இரும்புக் கல்லுக்குப் புளியோ எலுமிச்சையோ வேண்டாம், பழக்கிய பூச்சு கரையும். கல் சூடாக இருக்கும்போதே கல்லுப்பைத் தூவி, மடித்த பழந்துணியால் அழுத்தித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.